பைன் மலையில் பெய்த மழை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லான்டா நகருக்குத் தெற்கே, பைன் மலை என்றொரு தாழ்ந்த நீண்ட மலைத்தொடர் இருக்கிறது. அங்கே பெய்யும் மழையில் ஒரு பங்கு ஓடைக்குப் போகாமல் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிவிடுகிறது. குவார்ட்சைட் என்னும் கடினமான பாறை அடுக்கின் விரிசல்கள் வழியாகச் சுமார் 3,800 அடி ஆழம்வரை அது போகிறது. பூமியின் உள்வெப்பத்தில் சூடேறி, மலையடிவாரத்தில் பாறை முறிந்த ஓரிடத்தில் மறுபடி மேலே வருகிறது. கோடையானாலும் பனிக்காலமானாலும் அந்த ஊற்றின் சூடு 88 டிகிரி பாரன்ஹீட். நம் கணக்கில் 31 டிகிரி செல்சியஸ். நிமிடத்துக்கு 900 கேலனுக்கு மேல், ஏறத்தாழ 3,400 லிட்டர் நீர் சுரக்கிறது. இந்தப் பாதையை 1930களில் புவியியலாளர்கள் ஆராய்ந்து எழுதிவைத்தார்கள்.

அந்த ஊருக்கு இன்று வார்ம் ஸ்பிரிங்ஸ் என்று பெயர். நடக்க முடியாதவர்களை வெதுவெதுப்பான நீரில் இறக்கிப் பயிற்சி கொடுக்கும் முறை பெரிதாக வேர்பிடித்த இடங்களில் ஒன்று இந்த ஊற்று நிரப்பிய குளம். நோய் தீரும் என்று நம்பித்தான் மனிதர்கள் அதில் இறங்கினார்கள். பெரும்பாலோருக்கு நோய் தீரவில்லை. ஆனாலும் அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள், மற்றவர்களையும் கூட்டிவந்தார்கள், சிலர் அங்கேயே வேலை தேடித் தங்கிவிட்டார்கள். தீராத குறையோடு வந்தவர்களுக்கு நீர் எதைக் கொடுத்தது என்பதுதான் இந்தக் குளத்தின் கதை. யாரை அதில் இறங்கவிட்டார்கள், யாரை வாசலில் நிறுத்தினார்கள் என்பது அந்தக் கதையின் மறுபாதி.

ஓய்வு விடுதியும் ஒரு கடிதமும்

கிரீக் பழங்குடி மக்கள் காயம்பட்டவர்களை இந்த ஊற்றுக்கு அழைத்துவருவார்கள் என்று அந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1820களில் அவர்களின் நிலம் ஒப்பந்தங்களின் பேரில் பறிபோனது. அதன்பின் ஊற்று வெள்ளையர்களின் ஓய்வுத் தலமானது. 1890களில் மெரிவெதர் விடுதி என்ற பெரிய மரக்கட்டடம் எழுந்தது. ஊற்று நீரைத் தேக்கி நீச்சல் குளமும் கட்டினார்கள். முப்பது ஆண்டுகளில் அந்த விடுதி பழுதாகி, வருவோர் குறைந்து, விற்பனைக்குக் காத்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

அந்தச் சொத்தில் பங்கு வைத்திருந்தவர் ஜார்ஜ் ஃபாஸ்டர் பீபடி என்னும் வங்கியாளர். போலியோவால் கால்கள் விழுந்துபோன லூயிஸ் ஜோசப் என்ற இளைஞர் சில கோடைகள் அந்தக் குளத்தில் நீந்தியபின் கைத்தடியோடு நடக்கத் தொடங்கிய செய்தி பீபடிக்குக் கிடைத்தது. அதை அவர் நியூயார்க்கில் இருந்த ஒரு நண்பருக்குத் தெரியப்படுத்தினார். அந்த நண்பர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

1921 ஆகஸ்டில், 39ஆம் வயதில், கேம்போபெல்லோ தீவில் விடுமுறைக்குப் போயிருந்த ரூஸ்வெல்ட்டைப் போலியோ தாக்கியது. இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் செயலிழந்தன. நோயை இன்னதென்று உறுதிப்படுத்தியவர் பாஸ்டனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ராபர்ட் லோவெட். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போலியோ கிருமி தசையைத் தின்பதில்லை. முதுகுத்தண்டின் முன்பகுதியில் இருந்துகொண்டு தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பணுக்களைக் கொல்கிறது. தொடு உணர்வு அப்படியே இருக்கும், வலியும் தெரியும், காலை அசைக்க மட்டும் முடியாது. ஒரு தசைக்குரிய நரம்பணுக்கள் எல்லாமே செத்திருந்தால் அந்தத் தசை மீளாது. கொஞ்சம் பிழைத்திருந்தால் அந்தக் கொஞ்சத்தை வளர்த்தெடுக்கலாம். எவ்வளவு பிழைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க லோவெட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் அளவுமுறையை உருவாக்கினார்கள். புவியீர்ப்பை எதிர்த்துக் காலைத் தூக்க முடிகிறதா? முடியாவிட்டால், ஈர்ப்பின் பளு இல்லாத நிலையிலாவது அசைக்க முடிகிறதா? இந்த இரண்டு கேள்விகள்தான் அதன் அடிப்படை. இன்று நம்மூர் பிசியோதெரபிஸ்ட் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுத் தசையைச் சோதிக்கிறாரே, அதன் முன்னோடி இதுதான். மூன்று மதிப்பெண் என்றால் ஈர்ப்பை எதிர்த்து உறுப்பு எழும். இரண்டு என்றால், பளுவை வேறு யாராவது தாங்கினால்தான் அசையும்.

போலியோ வந்தவர்களில் எத்தனையோ பேரின் தசைகள் இந்த இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே சிக்கிக்கொண்டிருந்தன. கட்டிலில் படுத்தால் அசையாத கால் அது. அந்தக் காலத்து மருத்துவமோ இப்படிப்பட்ட கால்களை மாவுக்கட்டிலும் கம்பிச் சட்டங்களிலும் மாதக்கணக்கில் கட்டிவைத்தது. பளுவைத் தாங்கிக்கொண்டு அசைவை மட்டும் விட்டுவைக்கும் ஓர் இடம் அந்தத் தசைகளுக்குத் தேவைப்பட்டது.

நான்கடி ஆழத்தில்

1924 அக்டோபர் 3ஆம் தேதி ரூஸ்வெல்ட் வார்ம் ஸ்பிரிங்ஸில் வந்து இறங்கினார். அடுத்த நாள் குளத்தில் இறங்கினார். இடுப்பிலிருந்து பாதம்வரை இரும்புக் காலிப்பர் போட்டு, இரண்டு பக்கமும் தாங்கல் இருந்தாலொழிய நிற்க முடியாத அந்த மனிதர், நான்கடி ஆழ நீரில் காலிப்பரும் கட்டையும் இல்லாமல் நின்றார், அடியெடுத்து வைத்தார். அதைக் கடிதங்களில் குதூகலத்தோடு எழுதினார்.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடச் சற்றே குறைவு. இடுப்பளவு நீரில் நின்றால் கால்கள் தாங்க வேண்டிய பளு ஏறத்தாழப் பாதியாகிறது. மார்பளவில் அது மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ எடையுள்ளவர் கழுத்தளவு நீரில் ஆறு கிலோவைத்தான் சுமக்கிறார். இரண்டு மதிப்பெண் தசைக்கு அது போதும்.

இன்னொன்றும் உண்டு. நிலத்தில் சமநிலை தவறியவர் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுவார். நீரில் அதே ஆள் மெதுவாகத்தான் சாய்வார். சாய்வதை உணர்ந்து திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். விழுந்தாலும் எலும்பு முறியாது. நடையிழந்தவருக்கு விழும் பயம் எவ்வளவு பெரியது என்பது அவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பயம் இல்லாத ஓர் இடத்தைக் குளம் தந்தது.

நீர் எதிர்ப்பும் காட்டுகிறது. மெதுவாக அசைத்தால் லேசாகவும் வேகமாக அசைத்தால் பல மடங்காகவும் எதிர்க்கிறது. எவ்வளவு முயல்கிறோமோ அவ்வளவுதான் பளு; அசைவை நிறுத்தினால் பளுவும் நின்றுவிடும். பலவீனமான தசையை அளவுக்கு மீறி வருத்தாத பயிற்சி இது. கடைசியாக, சூடு. குளிர்ந்த நீரில் போலியோக் கால் விரைவில் விறைத்து நீலம் பாயும். மிகச் சூடான நீரில் உடல் தளர்ந்து தூக்கம் வரும். 31 டிகிரி நீரில் மணிக்கணக்கில் இருக்கலாம், உழைக்கவும் செய்யலாம். ஊற்றின் தாதுக்களுக்கே அற்புத சக்தி உண்டு என்று அன்று பலர் நம்பினார்கள். மிதக்கவைக்க எந்த நீரும் போதும். இந்த ஊற்றின் தனிப்பேறு அதன் மாறாத வெதுவெதுப்பு.

ரயிலில் வந்தவர்கள்

ரூஸ்வெல்ட் நீந்தி நலம் பெறுகிறார் என்று அட்லான்டா ஜர்னல் இதழ் அந்த மாதமே முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டது. மற்ற ஊர்ப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. 1925 வசந்தத்தில் அவர் மறுபடி வந்தபோது, யாரும் அழைக்காமலேயே போலியோ நோயாளிகள் ரயிலேறி வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே மருத்துவர் இல்லை, செவிலியர் இல்லை, சக்கர நாற்காலி போக வழி இல்லை. ரூஸ்வெல்ட்டே குளத்தில் இறங்கி, தன் உடலில் கற்றதை வைத்து அவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நோயாளிகள் அவரைச் செல்லமாக டாக்டர் ரூஸ்வெல்ட் என்று கூப்பிட்டார்கள்.

விடுதிக்குக் காசு கொடுத்து வந்திருந்த மற்ற விருந்தினர்களுக்கு இது பிடிக்கவில்லை. நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள். ஒரே உணவறையில் சாப்பிட மாட்டோம், ஒரே குளத்தில் இறங்க மாட்டோம் என்றார்கள். நோயாளிகளுக்கென்று தனி உணவறையும் தனிக் குளமும் ஏற்பாடாயின. ஒதுக்குவதற்காக உண்டான அந்தத் தனிக் குளத்தில்தான் சிகிச்சை ஒழுங்குக்கு வந்தது.

1926இல் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 2 லட்சம் டாலர் கொடுத்து ஊற்றையும் விடுதியையும் சுற்றியிருந்த நிலத்தையும் வாங்கினார். தன் சொந்தச் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கை அதில் போட்டார் என்பார்கள். அதே ஆண்டு அமெரிக்க எலும்பியல் மருத்துவர் சங்கத்தின் கூட்டம் அட்லான்டாவில் நடந்தது. மருத்துவர் அல்லாத ஒருவரின் பேச்சுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. ரூஸ்வெல்ட் விடவில்லை, நேரில் போய் உறுப்பினர்களைப் பார்த்துப் பேசி, தன் குளத்தை ஆராயும்படி கேட்டார். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் இருந்த எலும்பியல் மருத்துவர் லெராய் ஹப்பர்ட், பிசியோதெரபிஸ்ட் ஹெலீனா மஹோனியோடு வந்து 23 நோயாளிகளை மாதக்கணக்கில் கவனித்தார். நுழையும்போது ஒவ்வொரு தசைக்கும் மதிப்பெண். வெளியேறும்போது மறுபடி மதிப்பெண். அனைவரிடமும் ஏதோ ஓர் அளவு முன்னேற்றம் தெரிந்தது. 1927இல் ஜார்ஜியா வார்ம் ஸ்பிரிங்ஸ் அறக்கட்டளை பதிவானது. 1928இல் ஃபோர்டு கார் நிறுவனத்தின் எட்செல் ஃபோர்டு கொடுத்த நிதியில், கண்ணாடிக் கூரையும் சுவர்களும் கொண்ட உள்குளம் எழுந்தது. பனிக்காலத்திலும் சிகிச்சை தொடர முடிந்தது.

குளத்துக்குள் அவர்கள் செய்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நீர்மட்டத்துக்குச் சில அங்குலம் கீழே மரப்பலகை மேசைகள் பொருத்தியிருந்தார்கள். நோயாளியைத் தூக்கிவந்து அதில் கிடத்துவார்கள். உடல் நீரில் அமிழ்ந்திருக்கும், முகம் வெளியே இருக்கும். பிசியோதெரபிஸ்ட் மார்பளவு நீரில் பக்கத்தில் நின்று, ஒரு கையால் நோயாளியின் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் காலுக்கடியில் வைத்து, காலைப் பக்கவாட்டில் விரிக்கச் சொல்வார். இடுப்பை ஏன் பிடிக்க வேண்டும்? விரிக்கும் தசை பலவீனமாக இருந்தால் உடல் தந்திரம் செய்யும். முதுகையும் இடுப்பையும் மேலே இழுத்து, கால் விரிந்ததுபோலக் காட்டும். பலமுள்ள தசை மேலும் பலம் பெறும். வளர வேண்டியது வளராமலே கிடக்கும். அந்தத் தந்திரத்தைத் தடுத்து, பலவீனமான தசை தானாக ஓரங்குலம் நகர்வதற்குக் காத்திருப்பதுதான் சிகிச்சை. அந்த ஓரங்குலம் வந்ததும் அன்றைக்கு நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் களைத்த தசை மறுபடி ஏமாற்றத் தொடங்கும். பெரும் பொறுமை வேண்டிய வேலை.

கரையேறிய பிறகும் அந்த ஊரின் வாழ்க்கை வேறு மாதிரி இருந்தது. கட்டடங்களுக்குச் சாய்தளம் போட்டார்கள். சக்கர நாற்காலிகளையும் ஸ்ட்ரெச்சர்களையும் தள்ள உள்ளூர் இளைஞர்களை வேலைக்கு வைத்தார்கள். சீட்டாட்டம், நாடகம், சினிமா, காதல், கல்யாணம் எல்லாம் நடந்தன. வீட்டில் பின்கட்டில் மறைத்துவைக்கப்பட்டிருந்தவர்கள் அங்கே விருந்து மேசையின் நடுவில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் காலிப்பர் இருந்த ஊரில் காலிப்பரை உற்றுப்பார்க்க ஆளில்லை. 1925இல் நோயாளியாக வந்த ஃப்ரெட் பாட்ஸ் பின்னாளில் அந்த நிறுவனத்தின் பதிவாளராகப் பணியாற்றினார். நோயாளிகளே அந்த இடத்தை உருவாக்கினார்கள், நடத்தினார்கள் என்பதுதான் இந்த ஊற்றின் சிறப்பு.

திறக்காத கதவு

இவ்வளவு சொல்லிவிட்டு, அந்தக் குளத்தின் பெருங்குறையைச் சொல்லாமல் போக முடியாது. அது வெள்ளையர்களுக்கான குளம். சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள் ஆகியோரில் கறுப்பின மக்கள் நிறைய இருந்தார்கள். கறுப்பினத்துப் போலியோக் குழந்தைக்கு மட்டும் அனுமதி இல்லை. கறுப்பினத்தவரைப் போலியோ அவ்வளவாகத் தாக்காது என்ற பொய்யான நம்பிக்கை இதற்குச் சாக்காக இருந்தது. எதிர்ப்புகள் வலுத்தபின், 1941இல் அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின நோயாளிகளுக்கெனத் தனி போலியோ மையம் திறந்தார்கள். 1938இல் பிறந்த தேசிய போலியோ அறக்கட்டளை பணம் கொடுத்தது. கறுப்பின மருத்துவர்களும் சிகிச்சையாளர்களும் அங்கே பயிற்சி பெற்றார்கள். வார்ம் ஸ்பிரிங்ஸின் கதவு அதன் பிறகும் சில ஆண்டுகள் மூடியே இருந்தது. உடல் குறையால் ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து கட்டிய இடம் நிறத்தால் இன்னொருவரை ஒதுக்கியது. வாசலில் காவல் நிற்பவர் யாரை விடுகிறாரோ அவருக்குத்தான் நீர் பளு குறைக்கும்.

ரூஸ்வெல்ட் 1933இல் குடியரசுத் தலைவரானார். தாங்கலில்லாமல் நடக்க அவரால் கடைசிவரை முடியவில்லை. ஆனால் அந்தக் குளத்துக்குப் பணம் திரட்டத் தொடங்கிய முயற்சி வேறொன்றாக வளர்ந்தது. 1934 முதல் அவர் பிறந்தநாளான ஜனவரி 30 அன்று நாடெங்கும் நடன விருந்துகள் நடத்தி நிதி சேர்த்தார்கள். 1938இல் தேசிய போலியோ அறக்கட்டளை பிறந்தது. நகைச்சுவை நடிகர் எடி கேன்டர் அழைப்பு விடுக்க, மக்கள் பத்து சென்ட் நாணயங்களை மூட்டை மூட்டையாக வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார்கள். அந்த அறக்கட்டளையின் பணத்தில்தான் ஜோனாஸ் சால்க் தடுப்பூசி ஆய்வு செய்தார். 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் வார்ம் ஸ்பிரிங்ஸில் காலமானார். சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1955 ஏப்ரல் 12 அன்று, சால்க் தடுப்பூசி பலனளிக்கிறது என்ற அறிவிப்பு வந்தது. புதிய நோயாளிகளின் வரவு குறைந்தது. பக்கவாதம், தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கான மறுவாழ்வு மையமாக அந்த இடம் மாறியது. பழைய வெளிக்குளங்கள் இன்று அருங்காட்சியகம்.

ஊற்று இல்லாத ஊர்களில்

வெந்நீர் ஊற்று இருந்தால்தான் இது நடக்கும் என்றால் கதை ஜார்ஜியாவோடு முடிந்திருக்கும். சம காலத்திலேயே வேறு இடங்களில் வேறு சிலர் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் எலும்பியல் மருத்துவமனையை நிறுவிய சார்லஸ் லோமன், சிகாகோவில் ஒரு பள்ளியில் மரத்தொட்டிக்குள் குழந்தைகள் பயிற்சி செய்வதைப் பார்த்துவிட்டு வந்து, 1924இல் தன் மருத்துவமனையின் அல்லிக் குளத்தைச் சிகிச்சைக் குளமாக மாற்றினார். 1937இல் நீருக்கடியில் செய்யும் பயிற்சிகளுக்கென ஒரு நூலையும் எழுதினார். ஹப்பர்ட் தொட்டி என்ற பெயரில் உலோகத் தொட்டி ஒன்றும் உருவானது. படுத்திருப்பவரின் கைகால்கள் விரிய இடம் வேண்டும், சிகிச்சையாளருக்கோ வெளியில் நின்றபடியே இடுப்பு எட்ட வேண்டும். அதனால் தொட்டியின் நடுப்பகுதியை உள்நோக்கிக் குறுக்கினார்கள். குழாய் நீரும் கொதிகலனும் உள்ள எந்த மருத்துவமனையும் இனி ஓர் ஊற்றை வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. தீக்காயம் பட்டவர்களுக்கும் அந்தத் தொட்டி பல காலம் பயன்பட்டது.

இந்தப் பயணத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் லண்டன். 1949இல் ஜேம்ஸ் மெக்மில்லன் என்பவர் ஹாலிவிக் என்ற மாற்றுத்திறன் சிறுமியர் பள்ளியில் நீச்சல் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அவர் மருத்துவர் இல்லை. நீரின் இயக்கத்தைப் படித்த பொறியாளர். ஒரு கப்பல் ஏன் நிமிர்ந்து நிற்கிறது, எப்போது கவிழ்கிறது என்று கேட்கும் பயிற்சி அவருக்கு இருந்தது. அதே கேள்வியை அவர் ஒரு சிறுமியின் உடலைப் பார்த்துக் கேட்டார்.

மிதக்கும் உடலில் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. பளு கீழே இழுக்கிறது. மிதப்பு விசை மேலே தள்ளுகிறது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் உடல் அமைதியாக இருக்கும். கோடு விலகினால் உடல் உருளும், சேரும்வரை உருண்டுகொண்டே இருக்கும். போலியோவால் மெலிந்த கால்கள் லேசாகி மேலே எழும்ப, முகம் நீருக்குள் போகும். ஒருபக்க வாதம் உள்ளவரின் உடல் ஒரு பக்கமாகவே திரும்பும். பெருமூளை வாதம் உள்ள குழந்தை தலையைத் திருப்பினாலே உடல் முழுதும் கூடவே சுழலும். இப்படி ஒவ்வோர் உடலுக்கும் தனியான உருளல் உண்டு. அதைக் கட்டுப்படுத்தக் கற்பதுதான் நீச்சலின் முதல் பாடம் என்று மெக்மில்லன் கண்டார்.

அதனால் காற்றடைத்த வளையமும் கைப்பட்டையும் வேண்டாம் என்றார். அவை மிதக்கவைக்கும், ஆனால் உடலின் உருளலைக் கற்பவரிடமிருந்து மறைத்துவிடும். வளையத்தைக் கழற்றிய அன்று பாடம் முதலிலிருந்து தொடங்கும். அதற்குப் பதிலாக ஒருவருக்கு ஒரு துணை. துணையின் கை எங்கே தேவையோ அங்கே மட்டும் தாங்கும். கற்பவர் தேற, கை படிப்படியாக விலகும். முதல் வகுப்பில் நீச்சலே கிடையாது. நீரில் நின்று பேசுவார்கள். வாயை நீர்மட்டத்தில் வைத்து ஊதி, குமிழி விடுவார்கள். முகத்தில் நீர் பட்டதும் மூச்சை உள்ளிழுப்பது பயந்த உடலின் பழக்கம். ஊதக் கற்ற குழந்தைக்கு நீர் மூக்கில் ஏறாது. பிறகு நிமிர்ந்த நிலையிலிருந்து மல்லாந்து படுப்பது, படுத்த நிலையிலிருந்து நிமிர்வது. அடுத்து, குப்புற விழுந்தால் தலையைத் திருப்பி, உடலைச் சுழற்றி, முகத்தை வானத்தைப் பார்க்கக் கொண்டுவருவது. இதைத் தானாகச் செய்யும் நாளில் குழந்தைக்கு நீரில் யார் தயவும் தேவையில்லை. மூச்சு அவள் கையில் வந்துவிட்டது. அதன்பிறகுதான் அசையாமல் மிதப்பதும், கடைசியில் கை போட்டு நீந்துவதும். பத்துப் படிகளாக இதை மெக்மில்லன் வகுத்தார்.

ஹாலிவிக் பெங்குயின்ஸ் என்று முதல் நீச்சல் மன்றம் தொடங்கியது. 1952இல் இந்த முறைக்கென ஒரு சங்கம் உருவானது. அங்கே கற்க வந்தவர்களை நோயாளிகள் என்று அழைக்கவில்லை, நீச்சல்காரர்கள் என்றார்கள். வார்ம் ஸ்பிரிங்ஸில் கால் எவ்வளவு திரும்பி வந்தது என்று அளந்தார்கள். ஹாலிவிக்கில் திரும்பி வராத காலோடு என்ன செய்ய முடியும் என்று கேட்டார்கள். நீர் சிகிச்சையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்று நினைக்கிறேன். 1960இல் ரோம் நகரில் நடந்த முதல் பாராலிம்பிக் போட்டியிலேயே நீச்சல் இடம்பெற்றது.

மெக்மில்லன் பின்னாளில் சுவிட்சர்லாந்தின் பாட் ரகாஸ் ஊருக்குப் போய்த் தன் முறையை மேலும் வளர்த்தார். அது இன்னொரு பழைய ஊற்று. தமினா மலையிடுக்கின் ஆழத்தில் 36.5 டிகிரி சூட்டில் சுரக்கும் நீர். நடுக்காலத்தில் நோயாளிகளைக் கயிற்றில் கட்டி அந்தக் கிடுகிடு பள்ளத்துக்குள் இறக்கினார்களாம். நாள்கணக்கில் நீரிலேயே கிடந்தார்களாம். 1840இல் குழாய் போட்டு நீரை ஊருக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்த அவஸ்தை தீர்ந்தது. 1950களின் இறுதியில் ஜெர்மனியிலிருந்து அங்கே வந்த ஒரு முறையை பிரிட்ஜெட் டேவிஸ், வெரீனா லகாட் ஆகிய சிகிச்சையாளர்கள் 1967இல் செம்மைப்படுத்தினார்கள். இங்கே கழுத்திலும் இடுப்பிலும் கணுக்காலிலும் வளையங்கள் உண்டு. மல்லாந்து மிதப்பவருக்கு உந்த ஒரு சுவர் இல்லை; சிகிச்சையாளரின் கைதான் ஊன்றும் இடம். அந்தக் கையை நோக்கியும் அதிலிருந்து விலகியும் உடலை நகர்த்தித் தசையை வளர்க்கிறார்கள். ஹாலிவிக் விலக்கிய வளையம் இங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டதற்குக் காரணம், நோக்கம் வேறு. அங்கே தன்னிச்சையாக நீந்துவது இலக்கு. இங்கே குறிப்பிட்ட தசைக்கு வலுவூட்டுவது.

நீரால் ஆவதும் ஆகாததும்

இன்று சிகிச்சைக் குளங்களில் நீரைப் பெரும்பாலும் 33 முதல் 35 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் பெருமூளை வாதக் குழந்தையின் தசை இறுக்கம் தளர்கிறது. தளர்ந்திருக்கும் நேரத்தில் மூட்டுகளை முழுதாக நீட்டி மடக்க முடிகிறது. உடலைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும் நீர், ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளை அமைதிப்படுத்துவதாகப் பெற்றோர் சொல்கிறார்கள். கழுத்தளவு நீரில் மார்புக்கூட்டின் மேல் அழுத்தம் இருப்பதால் மூச்சிழுக்கக் கூடுதலாக உழைக்க வேண்டும். பலவீனமான மூச்சுத் தசைகளுக்கு அது பயிற்சியாகிறது.

அதே அழுத்தம் கால்களில் உள்ள இரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளுகிறது. இதயம் பலவீனமானவருக்கு இது ஆபத்து. கட்டுப்படாத வலிப்பு, ஆறாத புண், தொற்று, கடுமையான மூச்சுக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. தொடு உணர்வு இழந்தவருக்குக் குளத்தின் தரை உராய்ந்து காயமானாலும் தெரியாது.

பலன் எவ்வளவு என்பதையும் பெரிதாக்காமல் சொல்ல வேண்டும். முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு நீர்ப் பயிற்சி பற்றிய 13 ஆய்வுகளை, 1,190 பேரின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பு 2016இல் தொகுத்துப் பார்த்தது. வலியிலும் இயக்கத்திலும் சிறிய முன்னேற்றம், குறுகிய காலத்துக்கு என்பதே முடிவு. போலியோ வந்து பல பத்தாண்டுகள் கழித்துத் தளர்ச்சியும் வலியும் திரும்பியவர்களிடம் ஸ்வீடனில் நடந்த ஒரு சிறு ஆய்வில், சூடான நீரில் தொடர்ந்து பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆகவே, நீரில் இறக்கி நடக்கவைத்துவிடுவேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். வலி கொஞ்சம் குறையும், உடல் கொஞ்சம் தேறும், நீந்தக் கற்கலாம் என்று சொல்பவரை நம்பலாம்.

சென்னையில்

இந்தியாவில் கடைசி இயற்கைப் போலியோ பதிவானது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. அந்த வெற்றிக்கு முன்பே போலியோ வந்தவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். காலிப்பரோடும் மூன்று சக்கர வண்டியோடும் வளர்ந்த அந்தத் தலைமுறை இப்போது ஐம்பதையும் அறுபதையும் தொடுகிறது. தேய்ந்த தோள், வளைந்த முதுகு, புதிய தளர்ச்சி எல்லாம் இப்போதுதான் வருகின்றன.

மாதவி லதா அவர்களில் ஒருவர். தெலங்கானாவில் பிறந்து, குழந்தையிலேயே போலியோ வந்து, சென்னையில் வங்கி அதிகாரியாகப் பணியாற்றியவர். முதுகெலும்பு வளைந்து நுரையீரலை நெருக்கத் தொடங்கியபோது, நீர் சிகிச்சையை முயன்று பார்க்கும்படி பிசியோதெரபிஸ்ட் சொன்னார். நாற்பதை ஒட்டிய வயதில், அவர் தண்ணீரில் தானாக மிதந்தார், பிறகு நீந்தினார், பிறகு தேசிய பாராலிம்பிக் நீச்சல் போட்டியில் கலந்துகொண்டார். அதோடு நிற்காமல் தமிழ்நாட்டில் பாராலிம்பிக் நீச்சலுக்கு ஒரு சங்கம் அமைத்து, மற்றவர்களையும் குளத்துக்கு அழைத்துவந்தார். வார்ம் ஸ்பிரிங்ஸில் நடந்ததும் இதுதான்: நீரில் இறங்கியவர் அடுத்தவருக்கு வழி செய்தார்.

அந்த வழி இன்னும் குறுகல். நம் நகரங்களில் நீச்சல் குளங்கள் உண்டு. உயரமான படி, வழுக்கும் தரை, செங்குத்தான இரும்பு ஏணி, சக்கர நாற்காலி நுழையாத உடைமாற்றும் அறை, குளிர்ந்த நீர். இத்தனையையும் தாண்டிப் போனால், பொறுப்பேற்க முடியாது என்று திருப்பி அனுப்பும் காவலாளி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, விளையாட்டு வசதிகளை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி மாற்றியமைப்பதை அரசின் கடமையாக்குகிறது. செய்ய முடியும் என்பதற்கு மெரினாவே சாட்சி. 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டதும், வாழ்நாள் முழுக்கச் சாலையில் இருந்தே கடலைப் பார்த்தவர்கள் சக்கர நாற்காலியில் அலைவரை போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் பாதை சேதமடைந்தது, சரிசெய்தார்கள். கெட்டுப்போனால் சரிசெய்யும் மனமும் கட்டும் மனத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

ஒரு குளத்தை எல்லோருக்குமான குளமாக்கப் பெரிய ஊற்று தேவையில்லை. நீருக்குள் இறங்கும் சாய்தளம், இருபுறமும் கைப்பிடி, தூக்கி இறக்க ஒரு கருவி, வாரத்தில் சில மணி நேரமாவது வெதுவெதுப்பான நீர், உருளும் உடலைப் புரிந்துகொண்டு தாங்கத் தெரிந்த ஒருவர். இவற்றில் எதுவும் நூறாண்டு முன்பு ஜார்ஜியாவின் ஒரு பழுதடைந்த விடுதியில் செய்து காட்டியதைவிடக் கடினமானதல்ல. உங்கள் ஊர் நகராட்சி அடுத்த நீச்சல் குளத்துக்கு நிதி ஒதுக்கும்போது வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாய்தளம் அதில் இல்லையென்றால் கட்டத் தொடங்கும் முன்பே மனு கொடுங்கள். கட்டி முடித்த குளத்தை இடித்துச் சேர்ப்பதைவிட, காகிதத்தில் ஒரு கோடு சேர்ப்பது எளிது.